குழாய்க்கு அந்தப் பக்கம்

மலைமேல் இருக்கும் செம்மேட்டில் நான் வேலை பார்க்கும் கண் பரிசோதனை மையம் ஒரே அறைதான். டாக்டர் கிடையாது. கதவைத் திறப்பவன், பெருக்குபவன், எழுத்துப் பலகையைக் காட்டிப் படிக்கச் சொல்பவன் எல்லாம் நானே. கண்ணுக்குள் இருக்கும் விழித்திரையைப் படம் எடுக்கப் பெரிய ஆஸ்பத்திரிகளில் மெஷின் உண்டு. அது எந்தக் காலத்திலும் மலை ஏறி வராது என்று தெரிந்ததும் நானே ஒன்று செய்தேன். தண்ணீர்க் குழாய்க் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் குழாய், ஒரு முனையில் டாக்டர்கள் கையில் பிடித்துப் பார்க்கும் லென்ஸ், மறுமுனையில் என் பழைய செல்போன். வெளிச்சம் சிதறாமல் இருக்க உள்ளே கறுப்புக் காகிதம். போனில் டார்ச்சைப் போட்டு நோயாளியின் கண்ணுக்கு நேரே பிடித்தால் விழித்திரை செக்கச்செவேலென்று வந்து நிற்கும். படத்தை மலைக்குக் கீழே ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டருக்கு அனுப்பினால் அவர் பார்த்துச் சொல்வார். பார்க்கக் கண்றாவியாக இருக்கும் குழாய், ஆனால் வேலை செய்யும்.

படம் எடுக்கும் முன் கண்பாப்பா விரிவதற்குச் சொட்டு மருந்து விட வேண்டும். விட்டால் நாலைந்து மணி நேரம் பார்வை மங்கும், வெயில் கூசும். இந்த மேடு பள்ளத்தில் அந்தக் கண்ணோடு தனியாக நடந்தால் எங்காவது விழுந்து வைப்பார்கள். அதனால் துணைக்கு ஆள் இல்லாமல் வந்தால் மருந்து விடமாட்டேன் என்று ஒரு சட்டம் வைத்திருந்தேன். "கூட யாரு வந்திருக்காங்க?" என்பதுதான் என் முதல் கேள்வி. யாரும் இல்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவேன், சில சமயம் கத்தியும் விடுவேன். ஒண்டிக்கட்டைக்குக் கத்துவதற்கு வேறு இடம் எங்கே இருக்கிறது?

ஒரு சந்தை நாளில் என்னைவிட நாலைந்து வயது மூத்த ஒரு பெண் வந்தார். மலையில் உள்ளே தள்ளி இருக்கும் ஊரான திருப்புலி நாட்டிலிருந்து மிளகு விற்க வந்தவர், கையில் காலிச் சாக்கு மடித்து வைத்திருந்தார்.

"கூட யாருங்க?"

"யாரும் வரலீங்க."

"ஆளோட வாங்க. இப்பப் போங்க."

ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது என் இடது கண்ணின் ஓரத்தில் மின்னல் வெட்டியது. திரும்பிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. மறுபடியும் வெட்டியது. பிறகு கொசுக்கூட்டம்போலக் கறுப்புப் புள்ளிகள் மிதந்தன. நான் சின்ன வயதிலிருந்து சோடாபுட்டிக் கண்ணாடி போடுகிறவன். இப்படிப்பட்ட கண்ணில் விழித்திரை கிழிந்து பிரியும், உடனே கவனிக்காவிட்டால் பார்வையே போய்விடும் என்று எத்தனையோ பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். "பாக்கலாங்க" என்று அவர்கள் இழுத்தால் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு நானும் பார்க்கலாம் என்றுதான் நினைத்தேன். முதலில் ஒரு படம் எடுப்போம், கோளாறு தெரிந்தால் கீழே போவோம் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், கூட யாரு என்று ஆஸ்பத்திரியில் கேட்பார்கள் என்பதற்குப் பயந்துதான் தள்ளிப்போட்டேன். அம்மா போன பிறகு எனக்கென்று யாரும் இல்லை. தம்பி திருப்பூரில் இருக்கிறான். பொங்கலுக்கு ஒரு போன் வரும்.

மையத்தைத் திறந்து, இடது கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். குழாயை எடுத்துக் கண்ணருகே வைத்தபோதுதான் உறைத்தது. போனின் திரை குழாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிறது, நான் இந்தப் பக்கம் இருக்கிறேன். என்ன விழுகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? வீடியோவை ஓடவிட்டுக் குத்துமதிப்பாகப் பிடித்தேன். நிறுத்தி வலது கண்ணால் பார்த்தால் இமைமுடி. அடுத்த தடவை மூக்கு. அதற்கடுத்து வெறும் வெளிச்சம். பத்துப் பதினைந்து தடவை எடுத்திருப்பேன். பக்கத்து டீக்கடைக்காரரைக் கூப்பிட்டிருக்கலாம், ஆனால் இரண்டு நாள் முன்புதான் டீ ஆறியிருக்கிறது என்று அவரோடு சண்டை போட்டிருந்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. முதலில் வெளிச்சக் கூச்சம் என்று நினைத்தேன். இல்லை, அழுகைதான். ஒரு குழாயைப் பிடிக்க ஆளில்லாமல் நாற்பத்தாறு வயதில் உட்கார்ந்து அழுதேன்.

"ஏனுங்க" என்று வாசலில் குரல் கேட்டது. அதே திருப்புலி நாட்டுப் பெண். அன்றைக்கும் தனியாகத்தான் வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அருகே வந்துவிட்டார்.

"என்னங்க சாமி, ஒரு கண்ணு மணி மட்டும் இத்தாம்பெருசா இருக்குது?"

"அக்கா, இந்தக் குழாயைக் கொஞ்சம் புடிக்கிறீங்களா?"

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். ஏணியில் நின்று மிளகுக் கொத்துப் பறிக்கும் கை, துளியும் நடுங்கவில்லை. சிவப்பாகத் தெரிந்ததும் அசையாமல் நில்லுங்கள் என்று சொல்லிக்கொடுத்தேன். அவருடைய மூச்சில் வெற்றிலை வாசம் அடித்தது. என் முகத்துக்கு இவ்வளவு பக்கத்தில் ஒரு மனிதர் வந்து பல வருஷம் ஆகியிருந்தது. அது கொஞ்ச நேரம் நீடிக்கட்டும் என்றுகூட இருந்தது.

"இருட்டாத்தான் இருக்குதுங்க... ஆ, இருங்க. நீங்க ஆடாதீங்க. செகப்பா இருக்குது. வேரு மாதிரி என்னமோ ஓடுது. ஒரு பக்கம் மட்டும் ஈரத்துணி சுருங்கிக் கெடக்கற மாதிரி சாம்பலா இருக்குது. அது அப்படித்தான் இருக்குமுங்களா?"

"இல்லீங்கக்கா" என்றேன்.

படத்தை அனுப்பியதும் டாக்டர் போனில் கூப்பிட்டுவிட்டார். "விழித்திரை பிரிஞ்சிருக்கு. நடுப்பகுதி இன்னும் ஒட்டிட்டிருக்கு, அதுவும் போறதுக்குள்ள ஆபரேஷன் பண்ணணும். பேஷண்ட்டை இன்னைக்கே அனுப்புங்க."

"கூட வர ஆள் இல்லைங்க சார்."

"ஆள் எதுக்கு? முதல்ல பஸ் ஏத்திவிடுங்க."

"பேஷண்ட் நான்தான் சார்."

கதவைப் பூட்டியது அந்த அக்காதான். என் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை வந்தார். "கண்ணு செரியில்லீங்க, பாத்து எறக்கி உடுங்க" என்று கண்டக்டரிடம் இரண்டு தடவை சொன்னார். பஸ் கிளம்பும்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

"உங்களைப் பாக்கவே இல்லையேங்கக்கா. நான் வந்ததும் வாங்க."

"போயிட்டு வாங்க சாமி. என்ற கண்ணு எங்கீங்க போயிரப் போகுது?"

பார்வை போகாமல் தப்பியது. ஆபரேஷனில் விழித்திரையை அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் வாயு அடைத்து ஒரு வாரம் குப்புறப் படுக்க வைத்தார்கள். பார்ப்பதற்குத் தரையைத் தவிர ஒன்றும் இல்லை. பக்கத்துக் கட்டிலுக்கு யார் வந்தாலும் எனக்குத் தெரிந்தது கால்கள் மட்டும்தான். உயரத்தில் வாயு விரியும் என்பதால் அது கரையும்வரை மலை ஏறவும் கூடாது என்றார்கள். மையம் பூட்டியே கிடந்தது.

திரும்பி வந்து இப்போது சில மாதங்கள் ஆகின்றன. அந்த அக்கா வரவில்லை. பூட்டியிருந்த நாட்களில் வந்து கதவைப் பார்த்துவிட்டுப் போனாரோ என்னவோ. பதிவேட்டில் அவர் பெயர் இல்லை, பரிசோதித்தவர்களைத்தான் எழுதுவேன். இப்போது தனியாக வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதில்லை. பார்வை தெளியும்வரை என் அறையிலேயே உட்கார வைத்துக்கொள்கிறேன். சந்தை நாட்களில் திருப்புலி நாட்டுக்காரர்கள் யார் தென்பட்டாலும் போய் விசாரிக்கிறேன். போன சந்தையில் ஒரு பெரியவர் நின்று பொறுமையாகக் கேட்டார். "ஊருல எத்தனையோ பேரு மொளகு போடறாங்க. அந்தம்மாவுக்குக் கண்ணுல என்ன தொந்தரவுன்னு சொல்லுங்க, கண்டுபுடிச்சிரலாம்" என்றார்.

இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும் நான் அதைக் கேட்கவில்லை.