முன்னால் போனவள்

சைக்கிளில் வெளியூர் கிளம்பினால் என் கணவர்தான் எப்போதும் முன்னால் போவார். கல்யாணமான புதிதிலேயே தொடங்கிவிட்ட பழக்கம் அது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நாலு நாள் லீவு கிடைத்தால் பின்சக்கரத்தின் இருபுறமும் பைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு புறப்பட்டுவிடுவோம். புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டிலிருந்து செஞ்சிக்குப் போயிருக்கிறோம், திருக்கோவிலூருக்கும் சிதம்பரத்துக்கும் போயிருக்கிறோம். பள்ளம் வந்தால் இடது கையைத் தாழ்த்திக் காட்டுவார். நாய் நின்றால் முன்கூட்டியே மணி அடிப்பார். நான் அவர் முதுகைப் பார்த்து மிதித்தால் போதும். வழி தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே எனக்கு இருந்ததில்லை.

ஒரு வருடம் எல்லாம் மெல்ல மாறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாகூர் ஏரிப்பக்கம் போனபோது, "நீ முன்னாடி போ, நான் பின்னாடியே வரேன்" என்றார். கால் வலி போலிருக்கிறது என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. வெயில் சாய்வதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும் என்று அவசரப்படுத்துவார். எனக்குக் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சட்டை வாங்கி வந்து, சைக்கிள் எடுத்தால் அதைத்தான் போட வேண்டும் என்றார். வீட்டில் திறந்து கிடக்கும் அலமாரிக் கதவில் இடித்துக்கொள்வார், கீழே வைத்த தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிடுவார். கவனமில்லாமல் நடக்கிறார் என்று கடிந்துகொண்டேன். நான் ஓர் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் நாள் முழுக்க ரத்தம் சோதிக்கிறவள். வீட்டில் இருக்கும் மனிதரிடம் எனக்கு எதுவும் தென்படவில்லை.

அவருடைய அண்ணன், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பெண்ணைக் கட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போனவர். அவருக்கும் சைக்கிள் பைத்தியம் உண்டு. போர்ச்சுகலின் தெற்குச் சமவெளியில் சுற்றிவிட்டு வந்து படங்கள் அனுப்பியிருந்தார். அறுத்து முடித்த கோதுமை வயல்கள். நடுநடுவே குட்டையாக, அகலமாகக் கிளை பரப்பிய மரங்கள். அடிமரத்தில் பட்டையை உரித்திருந்தார்கள். உரித்த இடம் காய்ந்த ரத்தத்தின் நிறத்தில் இருந்தது. பாட்டில் கார்க்கெல்லாம் அந்தப் பட்டையில்தான் வெட்டுகிறார்களாம். எங்கள் ஊரில் கார்க்கைப் பார்க்காதவர்கள் கிடையாது. அது ஒரு மரத்தின் தோல் என்று எனக்கு அதுவரை தோன்றியதில்லை. மூன்று பேருமாக அங்கே ஒரு முறை போகலாம் என்று அண்ணன் அழைத்தார். எதையும் ஆறப்போட்டுச் செய்கிற என் கணவர், அடுத்த வருடம் வேண்டாம், இந்த வருடமே போய்விடலாம் என்று துடித்தார்.

அதற்கு ஒரு பழக்கமாக இருக்கட்டும் என்றுதான் மாசி மாதத்தில் பண்ருட்டிப் பக்கம் கிளம்பினோம். முந்திரிக் காடுகள் அந்தப் படத்தில் இருப்பதுபோலவே இருக்கும் என்று அவர் சொன்னார்.

முதல் நாள் கடலூர் தாண்டி நெல்லிக்குப்பம் வழியாகப் போனோம். கரும்பு லாரிகள் உரசிக்கொண்டு போயின. அறுவடை முடிந்த வயல்களில் வைக்கோலும் கொக்குகளும் தவிர ஒன்றுமில்லை. வானம் மூட்டமாக இருந்தது. பின்னாலிருந்து அவ்வப்போது, "இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். இருக்கிறேன் என்று குரல் கொடுத்தேன். இத்தனை வருடங்களில் அவர் அப்படிக் கேட்டதில்லை. வயது ஏற ஏறப் பாசம் கூடுகிறது என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். பண்ருட்டியில் ஒரு லாட்ஜில் தங்கினோம். படியேறும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார். களைப்பு என்றார்.

மறுநாள் காலை பெரிய சாலையை விட்டு ஒரு கிராமத்துச் சாலையில் திரும்பினோம். கொஞ்ச தூரத்தில் முந்திரித் தோப்புகள் தொடங்கிவிட்டன. செம்மண். தரையைத் தொடுகிறாற்போல் வளைந்த கிளைகள். பூ விட்டிருந்தது. அந்த வாசனை இனிப்பாகவும் லேசாகத் தலையைக் கனக்க வைப்பதாகவும் இருந்தது. மூட்டம் விலகி வெயில் சுள்ளென்று அடித்தது. சாலையிலிருந்து ஒரு வண்டிப்பாதை தோப்புக்குள் போனது. அதில் இறங்கினேன். வெளிச்சத்திலிருந்து சட்டென்று நிழலுக்குள் நுழைந்தோம். ஒரு மாடு பாதைக்கு அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்தது. அதன் கயிறு இந்தப் பக்கத்து மரத்திலிருந்து தளர்ந்து கிடந்தது. நான் கயிற்றின் மேல் ஏறிப் போய்விட்டேன். நான் தாண்டியதும் மாடு மிரண்டு பாதைக்குக் குறுக்கே வந்திருக்க வேண்டும். பின்னால் சத்தம் கேட்டது.

திரும்பி ஓடினேன். சைக்கிள் ஒரு பக்கம் கிடந்தது, அவர் ஒரு பக்கம் கிடந்தார். வலது தோள் கீழே தொங்கியது. நெற்றியில் மண்ணும் ரத்தமும். அடிபட்டது கூடப் பெரிதில்லை, அவர் கண்ணை அகலத் திறந்துகொண்டு வேறு எங்கோ பார்த்து, "எது மேல மோதினேன்?" என்று கேட்டதுதான் பயமாக இருந்தது.

தோப்பில் சருகு பெருக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வந்தாள். மாடு அவளுடையதுதான். சண்டைக்கு வருவாளோ என்று பயந்தேன். அவள் தன் முந்தானையை நனைத்து அவர் நெற்றியைத் துடைத்தாள். பிறகு என்னைத் தனியாக அழைத்துத் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"யம்மா, அவருக்குக் கண்ணு தெரியாதா?"

தெரியுமே என்றேன்.

"மாடு குறுக்கால வந்து நிக்குது, நான் கத்தறேன். நேரா அது மேலயே வராரும்மா. கண்ணு தெரிஞ்சவுங்க அப்படி வர மாட்டாங்க."

அவளே போன் செய்து ஓர் ஆட்டோவை வரவழைத்தாள். சைக்கிள்கள் அவள் வீட்டில் இருக்கட்டும் என்றாள். பண்ருட்டி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். கழுத்தடியில் காறை எலும்பு முறிந்திருந்தது. கட்டுப்போட்டு ஒரு கட்டிலில் படுக்க வைத்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பெண் கேட்டதை அப்படியே அவரிடம் கேட்டேன்.

எல்லாவற்றையும் சொன்னார். மழைக்காலத்திலேயே எனக்குத் தெரியாமல் கண் டாக்டரிடம் போயிருக்கிறார். விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிற நோய். முதலில் மங்கலில் தெரியாமல் போகுமாம், பிறகு ஓரங்கள் அடைபட்டு, குழாய் வழியாகப் பார்க்கிறாற்போல் ஆகுமாம். அதன் பிறகு அதுவும் இருக்காதாம். மருந்து கிடையாது. அந்த ஆரஞ்சு நிறம் மட்டும்தான் நன்றாகத் தெரிந்தது, அதைப் பிடித்துக்கொண்டுதான் வந்தேன் என்றார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். என் குரல் உயர்ந்து, அடுத்த கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொன்னா நீ வண்டிய தொட வுடமாட்ட" என்றார். "அந்தக் கார்க் மரத்த மட்டும் பாத்துட்டு வந்துர்லாம்னு இருந்தேன்."

அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. எனக்கு ஏதாவது வந்து நான் இப்படி மறைத்தால் இவர் பொறுப்பாரா என்று மனத்துக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் ஊர் திரும்பும் வழியெல்லாம் ஜன்னலோரத்தில் அவரை உட்கார வைத்துவிட்டுப் பேசாமல் வந்தேன்.

புதுச்சேரியில் அந்த டாக்டரை நானும் பார்த்தேன். பொறுமையாகப் படம் போட்டுக் காட்டினார். கூடப் பிறந்தவர்களுக்கும் இது இருக்கக்கூடும், அவர்களையும் பார்க்கச் சொல்லுங்கள் என்றார். அதனால் அண்ணனிடம் சொல்லியே ஆக வேண்டியதாயிற்று. அன்று சாயங்காலம் என் கணவர் போனை ஸ்பீக்கரில் வைத்துச் சொல்லி முடித்தார். பிறகு அண்ணன் பேசினார்.

"நானும் சாயங்காலத்துல கார எடுக்கறதில்லடா. ரொம்ப நாளாச்சு. வயசுன்னு நெனச்சிகினு இருந்தேன்."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அம்மாவைப் பற்றிப் பேசினார்கள். கடைசிக் காலத்தில் அம்மா பொழுது சாய்ந்தால் வாசலுக்கே வரமாட்டாராம். பிடிவாதக்காரி என்று வீடே சொன்னதாம். போர்ச்சுகலைப் பற்றி அண்ணனும் எடுக்கவில்லை, இவரும் எடுக்கவில்லை. அந்தப் பேச்சு அதோடு நின்றுபோனது.

எலும்பு கூடிய பிறகு நான் ஒரு முயற்சி செய்தேன். சுற்றுலா வருகிறவர்களுக்கு இரண்டு பேர் மிதிக்கிற நீளச் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கிறது. முன்னால் நான் உட்கார்ந்து ஓட்டலாம், பின்னால் அவர் மிதித்தால் போதும். வற்புறுத்தி அழைத்துப் போனேன். விடியற்காலையில் வண்டிகள் விடாத கடற்கரைச் சாலையில் ஏறினோம். பின் இருக்கைக்கு பிரேக் கிடையாது. இல்லாத பிரேக்கை அவர் விரல்கள் தேடி இறுக்கிப் பிடிப்பது முன்னால் என் இருக்கையில் அதிர்வாகத் தெரிந்தது. நடப்பவர்கள் சிலர் எங்களைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தார்கள். வயதான ஜோடி உல்லாசமாகப் போகிறது என்று நினைத்திருப்பார்கள். பாதி தூரத்தில், "நிறுத்து" என்றார். இறங்கினார். சைக்கிளைக் கொடுத்துவிட்டு வா, நான் நடக்கிறேன் என்று சொல்லிவிட்டு, கடல் பக்கத்துக் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே போனார்.

மாட்டுக்காரப் பெண் வீட்டிலிருந்து எடுத்து வந்த என் சைக்கிளில், நான் மட்டும் சில ஞாயிறுகளில் பிள்ளைச்சாவடி மீனவர் குப்பம் வரைக்கும் போய் வந்தேன். முதலில் எங்கே போனாய், காற்று எப்படி இருந்தது, மீன் வந்திருந்ததா என்று கேட்பார். நான் எல்லாம் சொல்வேன். ஒரு நாள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, போதும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நானும் சைக்கிள் எடுப்பதை விட்டுவிட்டேன்.

இப்போது காலையில் நடக்கப் போகிறோம். என் தோளில் கை வைத்து அரை அடி பின்னால் வருவார். அவர் கண்ணைப் பற்றி அவர் அலுவலகத்தில் இன்னும் தெரியாது. கம்ப்யூட்டரில் எழுத்துகளைப் பெரிதாக்கி வைத்துச் சமாளிக்கிறார். எத்தனை நாளைக்கு என்று இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. தெருமுனையில் தெரிந்த முகம் ஏதாவது வந்தால் எனக்குத்தான் முதலில் தெரியும். "ஆளு வராங்க" என்று மெதுவாகச் சொல்வேன். கையை எடுத்துவிடுவார். அவர்கள் கடந்து போகும்வரை நாங்கள் இரண்டு பேரும் தனித்தனியாக, மிக மெதுவாக, நடப்போம்.