இரவல் ஆரம்

இடத்தகராறு வழக்குக்காகத் தென்காசி கோர்ட்டுக்குப் போனபோது, என் பக்கத்தில் இலஞ்சி ஊர்க்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். முப்பது வயசிருக்கும். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். மடியில் கல்யாண ஆல்பம். வராந்தாவில் சாரல் அடித்தால் முந்தானையால் மூடுவாள். போட்டோவில் ஓர் ஆரத்தைக் கட்டைவிரலால் மறைத்தபடியே இருந்தாள்.

விவாகரத்து வழக்கு. தனக்குப் போட்ட நகையைப் புருஷனிடம் திருப்பிக் கேட்கிறாள். பில் எதுவும் இல்லை, ஆல்பம்தான் சாட்சி.

"இந்த ஆரம் மட்டும் சித்திட்ட இரவல் வாங்குனது, அக்கா. போன வாய்தால நானே உண்மையச் சொல்லிட்டேன். அப்பம் மிச்சமும் இரவல்தானன்னு கேக்காரு அவுக வக்கீல்."

"மிச்சம்?"

"எங்கப்பா வயல வித்துப் போட்டது."

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். விரலை எடுக்காமலே எழுந்து போனாள்.

வீட்டுக்கு வந்து என் கல்யாண ஆல்பத்தைத் திறந்தேன். எது என்னுடையது, எது இரவல் என்று எனக்கே ஞாபகமில்லை.