இலைக்குள் வைத்த ஐந்து வெள்ளி

ஜெலுத்தோங்கில் நான் தினமும் மதியம் சாப்பிடும் வாழையிலைக் கடையில் ஒரு விதி உண்டு. வாடிக்கையாளர் விட்டுச்செல்லும் அன்பளிப்புக் காசு எல்லாம் கல்லாவுக்குப் பக்கத்து டின்னுக்குப் போக வேண்டும். மேசையில் கிடப்பதை எடுத்துத் தன் பையில் போட்டவருக்கு அன்றோடு வேலை இல்லை. வாடிக்கையாளரே எடுத்துக்கொள்ளச் சொன்னால் மட்டும் முதலாளி கண்டுகொள்ள மாட்டார். இதெல்லாம் எனக்குத் தெரியும்.

அன்று வெள்ளிக்கிழமை, நல்ல கூட்டம். ரசத்துக்காக மூன்று முறை கையைத் தூக்கினேன். பரிமாறிய பெண் வரவில்லை. சுங்கை பினாங் அடுக்குமாடியிலிருந்து வேலைக்கு வருகிறவர், நாற்பது வயதிருக்கும். நாலாவது முறை விரலைச் சொடுக்கினேன்.

"நாயைத்தான் அப்படிக் கூப்பிடுவாங்க ஐயா. வரேன், இருங்க லா."

பக்கத்து மேசை சிரித்தது. தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். என் முன்னால் சத்தமாகச் சிரித்தவர்கள் குறைவு.

சாப்பிட்டு முடித்ததும் ஐந்து வெள்ளி நோட்டு ஒன்றை, மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கைக்கு அடியில் செருகி இலையை மூடினேன். அவரை அழைத்து, உள்ளே உனக்கு வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள் என்றேன். அவர் என் எச்சிலில் துழாவுவதைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நோக்கம் இல்லை. அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு இலையைப் பிரித்து, நோட்டை ஏப்ரனில் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

முதலாளி பார்த்துவிட்டார். இவராகத்தான் எடுத்துக்கச் சொன்னார் என்று அந்தப் பெண் என்னைக் காட்டினார். முதலாளி என் பக்கம் திரும்பினார். ஆமாம் என்றால், எங்கே வைத்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். பக்கத்து மேசை கவனித்துக்கொண்டிருந்தது.

"இல்ல. என் பையிலருந்து விழுந்திருக்கும்."

அந்தப் பெண் நோட்டை என் முன்னால் போட்டார்.

"பையிலருந்து விழுந்த காசு முருங்கைக்காய்ச் சக்கைக்குக் கீழ போயி எப்படி ஐயா படுத்துக்கிச்சு?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவர் ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார்.

நான்கு நாள் கழித்து முதலாளியிடம் போய் உண்மையைச் சொன்னேன். அந்தப் பெண்ணைத் திரும்ப வேலைக்கு எடுங்கள் என்றும் கேட்டேன். முதலாளி தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"அன்னைக்கே தெரியும் சார். நீங்க தினமும் வர்ற ஆளு, என்ன செய்யிறது? வேற ஆளும் வந்தாச்சு. உட்காருங்க, இலை போடச் சொல்றேன்."

உட்கார்ந்தேன்.