கதவில் எழுதிய எண்

ஆகுர்டியில் எங்கள் குடிசைகளை இடித்து அரசு மாற்று வீடு தருவதாகச் சொன்னார்கள். யார் குடியிருக்கிறார்கள் என்று சர்வே எடுக்க வரும் அன்று வீட்டில் ஆள் இருக்க வேண்டும். எனக்கும் வேலைக்குப் போகும் என் மனைவிக்கும் லீவு கிடைக்கவில்லை. எங்களோடு தங்கியிருந்த மச்சினனிடம் என் ரேஷன் கார்டைக் கொடுத்தேன்.

"நீங்க டூட்டிக்குப் போங்க மாமா, நான் காட்டிக்கிறேன்" என்றான்.

சாயங்காலம் கதவில் எண் எழுதியிருந்தது. சந்தோஷப்பட்டேன். பிறகு மராத்தியில் பட்டியல் ஒட்டினார்கள். எனக்குப் பேச வரும், படிக்க வராது. பக்கத்து வீட்டுக்காரி படித்துச் சொன்னாள். எங்கள் எண்ணுக்கு நேரே மச்சினன் பெயர். தன் ஆதாரைக் காட்டியிருக்கிறான். அதில் எங்கள் விலாசத்தைப் போடச் சொன்னதே நான்தான்.

ஆபீசில் முறையிட்டேன். "சர்வே அன்னைக்கு நீ எங்க இருந்த?" என்றார்கள்.

புது வீட்டில் பால் காய்ச்ச, "மாமா, அக்காவோட கட்டாயம் வரணும்" என்று கூப்பிட்டான். நாங்கள் போகவில்லை.

இப்போது வாடகை வீடு. பெயர் எழுத யார் வந்தாலும் சம்பளம் போனால் போகட்டும் என்று நானே வாசலில் நிற்கிறேன்.