கறி தின்ற நாள் மாத்திரை

கொழுப்பு மாத்திரையை நான் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போடுவேன். தினமும் இரவில் ஒன்று என்றுதான் டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். ஆனால் கொழுப்பு தின்றால்தானே கொழுப்புக்கு மாத்திரை? ரசம் சோற்றுக்கு எதற்கு? கும்மிடிப்பூண்டியில் குழாய்களை வெல்டிங் செய்து இணைக்கும் பைப் ஷாப்பில் நான் சூப்பர்வைசர். அங்கே பாதிப் பேருக்கு இதே சட்டம்தான். பிரியாணி வரும் நாளில்தான் சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டை வெளியே வரும்.

போன வருடம் எனக்குப் பெருங்குடலில் கட்டி. திருவள்ளூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். கட்டியிருக்கும் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைக்க வேண்டும். முந்தைய நாள் சர்ஜன் வந்தார். என் மகள் வயதுதான் இருக்கும்.

"கொலஸ்ட்ரால் மாத்திரை டெய்லி போடறீங்களா?"

"போடறேன் மேடம்."

என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"நல்லது. தையல் ஆறுறதுக்கு அது உதவலாம்னு சில டாக்டருங்க சொல்றாங்க. உறுதியா தெரியாது. ஆனா நிறுத்தாதீங்க."

தையல் விட்டுப்போனால் கழிவு வயிற்றுக்குள் இறங்கும், உயிருக்கே ஆபத்து என்றும் சொன்னார். இருபது வருடம் பைப் ஜாயிண்ட் பார்த்தவனுக்கு லீக் பற்றி விளக்க வேண்டியதில்லை.

ஆபரேஷன் முடிந்த ஐந்தாம் நாள் காய்ச்சல் அடித்தது. வயிறு கல்லாக இருந்தது. லீக்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். பயத்தில் எனக்கு ஷாப்பில் என் கீழே வேலை பார்த்த ஒரு வெல்டரின் முகம் ஞாபகம் வந்தது. வெல்டிங் ராடை ஓவனில் சூடாக்கித்தான் எடுக்க வேண்டும். ஈரம் இருந்தால் ஜாயிண்ட் பின்னால் விரிசல் விடும். அவர் சூடாக்காத ராடில் ஒரு ஜாயிண்ட்டை அடித்துவிட்டு, சூடாக்கினேன் என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பினேன். எவ்வளவோ கெஞ்சினார். நான் அசையவில்லை.

"இன்னாத்துக்குப் பொய் சொன்னீங்க? இப்பனாச்சும் சொல்லித் தொலைங்க" என்றாள் மனைவி.

சர்ஜன் வந்ததும் சொன்னேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் திட்டவில்லை.

"அந்த மாத்திரை போடாததாலதான் லீக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா எங்கிட்ட உண்மையைச் சொல்லியிருக்கணும்" என்று சொல்லி, ஸ்கேனுக்கு அனுப்பினார்.

லீக் இல்லை. டிரிப்ஸ் ஊசி குத்திய இடத்தில் கை வீங்கியிருந்தது, காய்ச்சல் அதனால்தான். மறுநாள் காலையில் வார்டே கேட்கும்படி காற்றுப் பிரிந்தது. பக்கத்துக் கட்டில்காரர் கைதட்டினார். மனைவி சிரித்துக்கொண்டே அழுதாள்.

நான் பொய் சொல்லியும் என் ஜாயிண்ட் நின்றது. என்னை யாரும் வெளியே அனுப்பவில்லை.

மத்தியானம் அந்த வெல்டருக்குப் போன் போட்டேன். அத்திப்பட்டில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பதாகச் சொன்னார். அவரை அனுப்பிய மறுநாள் நடந்ததை முதல்முறையாக அவரிடம் சொன்னேன்.

"அன்னிக்கு நீ அடிச்ச ஜாயிண்ட்டுல தண்ணி ஏத்தி டெஸ்ட் பண்ணோம்பா. ஒரு சொட்டு ஒழுகல. உங்கிட்ட நான் சொல்லவேயில்ல."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரை நிறுத்தினார்.

"இதச் சொல்றதுக்கு ஆறு வருசமா அண்ணா?" என்றார்.