கொய்யா இலை மணம்

எங்கள் பாடசாலை அஞ்சல் ஓட்ட அணியில் நான் மூன்றாவது ஆள். கடைசியாக ஓடுபவனிடம் கோலைக் கொடுப்பது என் வேலை. அவன்தான் அணியின் உயிர். நாங்கள் மூவரும் சொதப்பியதையெல்லாம் அந்தக் கடைசி நூறு மீற்றரில் அவன் சரிக்கட்டுவான். வலய மட்டத்தில் அப்படித்தான் வென்றோம். மாகாணப் போட்டிக்கு இரண்டு வாரம் இருந்தது.

அதற்குள் ஒரு மத்தியானம், பயிற்சிக்கு முன்னால், வாவிக்கரைக் கண்ணா மரப் பற்றைக்குள் நால்வரும் உட்கார்ந்திருந்தோம். சோடாப் போத்தலில் சாராயம் கலந்திருந்தது. எங்கள் மூவருக்கும் அது புதிதல்ல. அவன் மட்டும் வேண்டாம் என்றான்.

"நீ என்ன பூசாரியாடா?" என்றான் முதலாவதாக ஓடுபவன். கடைசியாக ஓடுபவன் சிரித்தானே தவிர அசையவில்லை. அவனை அசைத்தது நான்தான். அந்தப் பெருமை வேறு யாருக்கும் போகக் கூடாது.

"கோலத் தந்தா வாங்குறாய், இதத் தந்தா வாங்க மாட்டியா மச்சான்? அப்ப என்னில நம்பிக்கை இல்லயா?"

முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஓட்டத்தில் நீட்டுவது போலவே கையைப் பின்னால் நீட்டினான். போத்தலை வைத்தேன். குடித்தான். கைதட்டினோம்.

மைதானத்துக்குப் போகும் வழியில் நாங்கள் மூவரும் கொய்யா இலையைக் கசக்கி மென்றோம். வாய் நாறாமல் இருக்க அதுதான் எங்கள் வைத்தியம். அவன் முன்னால் நடந்துகொண்டிருந்தான். மிச்ச இலை என் சட்டைப் பைக்குள் கிடந்தது. கொடுக்க வேண்டும் என்று தோன்றவேயில்லை. வஞ்சகம் என்றாலாவது ஒரு காரணம் இருந்திருக்கும்.

யாரோ கண்டு சொல்லியிருக்க வேண்டும். விளையாட்டுச் சேர் எங்களை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவராக வாயை ஊதச் சொன்னார். அவனிடம் வந்து நின்றுவிட்டார்.

"ஆரு தந்த?"

"நானாத்தான் குடிச்சன் சேர்."

நான் பக்கத்தில் நின்று என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் பெயரை வெட்டினார்கள். மாகாணத்தில் வேறொருவன் ஓடினான், கடைசியாக வந்தோம். ஓட விடாத பள்ளிக்கூடத்துக்கு அவன் அதற்குப் பிறகு வரவில்லை. ஒரு மாதத்தில் மேசன் வேலைக்குப் போய்விட்டான். எனக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் போல உள்ளுக்குள் ஏதோ மரத்துப் போனது. பதினாறு வருடமாகியும் தெளியவில்லை.

போன மாதம் என் வீட்டு மதிலுக்கு மேசன் தேடியபோது வந்தவன் அவன். நன்றாகத்தான் பேசினான். தேத்தண்ணி குடித்தான். நூல் பிடித்துப் பார்த்துவிட்டு, மதில் வரும் இடத்தில் நின்ற கொய்யா மரத்தில் ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி மணந்தான்.

"அண்டைக்கு உங்க மூண்டு பேரிலயும் இந்த மணம்தான். பக்கத்திலதானே நிண்டன்."

அப்படியென்றால், தெரிந்துகொண்டேதான் அன்று 'நானாத்தான்' என்று சொல்லியிருக்கிறான். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"மரத்த என்ன செய்ற? வெட்டுறதா?"

"வெட்டு," என்றேன். அவன் கத்தி எடுக்கப் போனான்.