‘இல்லை’ என்று எழுதியிருந்த கட்டம்

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அவரை ‘மெசேஜ் சார்’ என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. பல நாட்டுப் பிள்ளைகள் படிக்கிற பெரிய பள்ளி அது. பெற்றோர்களின் போனுக்குப் போகிற எச்சரிக்கைகளை எழுதி அனுப்புவது முன் அலுவலகத்தில் அவர் வேலை. ஒன்றாம் வகுப்பில் பேன் தொல்லை, தலையைப் பாருங்கள். நீச்சல் குளத்துக்குப் போன ஏழு பேருக்குக் கண்வலி, ஒருவர் துண்டை இன்னொருவர் பயன்படுத்த வேண்டாம். காற்றில் புகை அதிகம், இன்று விளையாட்டு கிடையாது. இப்படிப் பத்தொன்பது வருஷம்.

அவர் மனைவி ஒரு பல் டாக்டரிடம் கணக்கெழுதுபவர். கணவரின் செய்திகளைப் படித்துவிட்டு, “உங்க மெசேஜைப் பார்த்தாலே எனக்குத் தலை அரிக்குது” என்பார். அவர் சிரித்துக்கொள்வார். செய்தியில் ஒரு வார்த்தை கூடினால் பெற்றோர் பயந்துபோவார்கள், ஒரு வார்த்தை குறைந்தால் கண்டுகொள்ளவே மாட்டார்கள் என்று சொல்வார். எந்த நம்பரைப் பார்த்தாலும் அது எந்த நாட்டு நம்பர் என்று முதல் மூன்று எண்ணிலேயே சொல்லிவிடுவதில் அவருக்கு உள்ளூரப் பெருமை.

அந்தச் செய்திகளுக்கு ஒரு தீவிர வாசகி இருந்தாள். மூன்றாம் வகுப்புப் பெண். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே அலுவலகத்துக்கு வந்து, மேஜை விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு, “இன்னிக்கு என்ன வியாதி, சார்?” என்று கேட்பாள். ஒன்றுமில்லை என்றால் முகம் தொங்கிப் போகும். அதற்காகவே அவர் சில நாள், “யாரோ ஒரு வாத்தியாருக்குச் சளி, வெளியில சொல்லிடாதே” என்று குனிந்து சொல்வார். அவளும் பெரிய ரகசியம் கிடைத்த மாதிரி வகுப்புக்குப் போவாள்.

அந்தப் பெண்ணை முதன்முதலில் சேர்க்க வந்தவர் அவள் அம்மா. மருந்துக் கம்பெனி ஒன்றில் பரிசோதனைக்கூட வேலை. உடல்நலப் படிவத்தை நிரப்ப ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். அலர்ஜி என்ற கட்டத்தில் இடம் போதாமல் ஓரத்திலும் எழுதியிருந்தார்: குளவியோ தேனீயோ கொட்டினால் மூச்சு அடைத்துவிடும், மருந்து அடைத்த ஊசிப் பேனாவை உடனே தொடையில் குத்த வேண்டும், காத்திருக்கக் கூடாது. ‘காத்திருக்கக் கூடாது’ என்பதற்குக் கீழே இரண்டு கோடு. மெசேஜ் சார்தான் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். பேனா நர்ஸ் அறைக்குப் போனது. அந்த வருஷம் ஒரு குறையும் இல்லை.

மறு வருஷம் பள்ளி திறப்பதற்குள் அந்த வீட்டில் விரிசல் விழுந்துவிட்டது. அம்மா தனியாகப் போய்விட்டார், பெண் அப்பாவிடம் இருந்தாள், அவள் யாரிடம் வளர்வது என்று வழக்கு நடந்துகொண்டிருந்தது. பழைய நர்ஸும் வேலையை விட்டுப் போய்ப் புதியவர் வந்திருந்தார். காலம் கடந்த ஊசிப் பேனாவைப் பழையவர் கோடை விடுமுறைக்கு முன்பே வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். புதியது புதுப் படிவத்தோடு வர வேண்டும் என்பது ஏற்பாடு.

படிவத்தோடு வந்தவர் அப்பா. நல்ல கூட்டம். அவருக்குப் பின்னால் பதினைந்து பேர் நின்றார்கள். வரிசை நகர்வதே இல்லை என்று முதல்வர் முந்தின நாள்தான் மெசேஜ் சாரை நாலு பேர் முன்னால் கடிந்துகொண்டிருந்தார்.

“அவங்க நம்பர் இனிமே வேண்டாம். எடுத்துடுங்க” என்றார் அப்பா.

“அம்மா நம்பரை எடுக்கணும்னா ஒரு லெட்டர் வேணும் சார். இல்லன்னா கோர்ட்டு உத்தரவு…”

“நான்தானே அப்பா? உங்க முன்னாடிதானே நிக்கிறேன்? என் பொண்ணு விஷயத்துக்கு உங்களுக்கு லெட்டர் எழுதணுமா?”

குரல் உயர்ந்தது. வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மெசேஜ் சார் சண்டைக்கு அஞ்சுகிறவர். வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்து தராவிட்டால்கூடத் தானே சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொள்கிற ஆள். லெட்டரைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணி அந்த நம்பரை அழித்தார்.

மத்தியானம் படிவங்களை ஒவ்வொன்றாக ஏற்றும்போதுதான் அதைப் பார்த்தார். அப்பா அலர்ஜி, ஆஸ்துமா, வலிப்பு என்று எல்லாக் கட்டத்திலும் ஒரே வேகத்தில் ‘இல்லை, இல்லை, இல்லை’ என்று எழுதிக்கொண்டே போயிருந்தார். திரையில் போன வருஷத்து வரிகள் அப்படியே நின்றன. ‘மாற்றவா?’ என்று கம்ப்யூட்டர் கேட்டது.

அவர் கை நின்றது. இது எப்படி ‘இல்லை’ ஆகும் என்று தோன்றியது. யாரிடமாவது கேட்க வேண்டும். கேட்பதென்றால் காலையில் கத்திவிட்டுப் போன அப்பாவுக்குப் போன் போட வேண்டும். இல்லாவிட்டால், தானே அழித்த நம்பருக்குப் போட வேண்டும். இரண்டுக்கும் மனசு முன்வரவில்லை. டாக்டர் சரியாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம், பெற்றவருக்குத் தெரியாதா என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டார். எதற்கும் நாளைக்கு நர்ஸிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்போம் என்று நினைத்து, ‘ஆம்’ என்பதைத் தட்டினார்.

மறுநாள் இரண்டு வகுப்பில் பேன். அதற்கு மறுநாள் ஒரு பஸ் வழியில் நின்றுபோய் நாற்பது பெற்றோருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை விதிப்படி பழைய வருஷத்துப் படிவங்களை எல்லாம் தாள் கிழிக்கும் இயந்திரத்தில் அவரே போட்டார். அந்த அம்மா இழுத்த இரண்டு கோடும் அதோடு போனது.

ஏழாவது வாரம் அவசரகால ஒத்திகை. மணி அடித்ததும் அறுநூற்று நாற்பது பிள்ளைகளும் வரிசையாக மைதானத்துக்கு வர வேண்டும். ஒவ்வொரு ஆசிரியர் கையிலும் பெயர்ப்பட்டியல். யாருக்கு என்ன நோய், என்ன கொடுக்கக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கும். அதை அச்சடித்துக் கொடுத்தவர் மெசேஜ் சார். போன தடவையைவிட ஒரு நிமிஷம் முன்னதாகவே எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டதில் முதல்வருக்குச் சந்தோஷம்.

ஸ்கோர் பலகைக்குக் கீழே குளவிக்கூடு இருந்தது யாருக்கும் தெரியாது. நாலாம் வகுப்புப் பிள்ளைகள் அதன் அடியில் நின்றார்கள். மூன்று பேரைக் குளவி கொட்டியது. இரண்டு பேர் அழுதார்கள். மூன்றாவது ஆள், தினமும் வியாதி கேட்கிற அந்தப் பெண், அழவில்லை. ஆசிரியையிடம் போய், எனக்கு ஊசி போடணும் மிஸ் என்றாள். ஆசிரியை பட்டியலைப் பார்த்தார். அவள் பெயருக்கு நேரே ஒன்றுமில்லை. உனக்கு இந்த லிஸ்ட்ல ஒண்ணும் போடலையேம்மா, பயப்படாதே என்று சொல்லி, கையில் தண்ணீர் ஊற்றி, நிழலில் உட்கார வைத்தார். எண்ணிக்கை முடியட்டும், நர்ஸிடம் போகலாம் என்றார். ஒத்திகை நேரத்தில் வரிசையை விட்டுப் போகக் கூடாது என்பது விதி.

மெசேஜ் சார் வகுப்பு வாரியாக எண்ணிக்கைச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தவர், நாலாம் வகுப்பை நெருங்கும்போது அவள் பக்கவாட்டில் சாய்வதைப் பார்த்தார். உதடு வீங்கியிருந்தது. கையில் இருந்த சீட்டுகளைப் போட்டுவிட்டு, “நர்ஸ், குளவி, பேனா கொண்டாங்க” என்று கத்திக்கொண்டே மைதானத்தின் குறுக்கே ஓடினார். யாருக்கும் ஆபத்துக்கு உதவ வைத்திருந்த பொதுப் பேனா ஒன்று முதல் மாடியில் அலமாரிக்குள் இருந்தது. நர்ஸ் ஏறி எடுத்து வருவதற்குள் அவள் மூச்சு நின்றிருந்தது. நர்ஸ் ஊசியைக் குத்தி, மார்பை அழுத்தி, வாயில் ஊதி, ஆம்புலன்ஸ் வருகிறவரை விடவே இல்லை. போகும்போது நாடி இருந்தது.

அப்பாவின் போன் அணைந்திருந்தது. விமானத்தில் இருந்தார். இரண்டாவது நம்பர் என்ற கட்டம் காலி.

முதல்வர் சொல்லச் சொல்ல மெசேஜ் சார் செய்தியைத் தட்டினார். இன்றைய ஒத்திகையின்போது மாணவி ஒருவர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டுள்ளார், மற்ற மாணவர்கள் நலம், பதற்றம் வேண்டாம். ஆயிரத்துச் சொச்சம் போன்களுக்கு அது போனது. போக வேண்டிய ஒரே போனுக்குப் போகவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து அலுவலகப் போன் அடித்தது. எடுத்தவுடனே குரல் தெரிந்துவிட்டது.

“சார், எனக்கு மெசேஜ் வரலை. வேறொரு அம்மா அனுப்பிவிட்டாங்க. யாரோ ஒரு பொண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்காங்களாமே. என் பொண்ணு கிளாஸ்ல இருக்கால்ல?”

பதிவில் இல்லாதவர்களுக்கு எதுவும் சொல்லக் கூடாது என்பதும் ஒரு விதி. அதை அவர் அன்று மதிக்கவில்லை.

“உங்க பொண்ணுதாம்மா. குளவி கொட்டிடுச்சு.”

“பேனா போட்டீங்கல்ல?”

“போட்டாங்கம்மா. கொஞ்சம் லேட்டாயிடுச்சு.”

“ஏன் லேட்டு? நான் எழுதிக் குடுத்திருக்கேனே சார்.”

மெசேஜ் சார் ஆஸ்பத்திரி எதுவென்று சொல்லி, உடனே போங்கம்மா என்று மட்டும் சொன்னார்.

பெண் பிழைத்தாள். பதினோராம் நாள் கண் திறந்து பார்த்தாள். ஆனால் மூளைக்குக் காற்றுப் போகாத அந்தச் சில நிமிஷம் அவள் வலது கையையும் பேச்சையும் பாதி பிடுங்கிக்கொண்டது. ஒரு வார்த்தை சொல்ல அவள் மெனக்கெட வேண்டியிருந்தது.

விசாரணை நடந்தது. வெளியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். படிவத்தில் இருந்ததைத்தான் ஏற்றினீர்களா என்று மெசேஜ் சாரைக் கேட்டார்கள். ஆமாம் என்றார். அது உண்மை. அதற்கு மேல் அவர்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அம்மா நம்பரை லெட்டர் இல்லாமல் எடுத்ததற்கு ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிட்டு, அலுவலகத்தின் மேல் வேறு தவறில்லை என்று எழுதினார்கள். கூட வேலை பார்ப்பவர்கள், கண்டம் தாண்டிட்டீங்க சார் என்று தோளைத் தட்டினார்கள்.

அந்த அம்மா, போன வருஷம் நான் எழுதிக் கொடுத்தேன் என்று எல்லோரிடமும் சொன்னார். காட்டத் தாள் இல்லை, பழைய நர்ஸ் எந்த ஊரில் இருக்கிறார் என்றும் தெரியவில்லை. அப்பாவோ, எனக்கு அவள் சொல்லவே இல்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை. பெண்ணை முன்பு ஒரு முறை குளவி கொட்டியபோது அவர் வெளிநாட்டில் இருந்தார், வந்தபோது ஏதோ கையில் வீக்கம் என்று காதில் விழுந்ததோடு சரி. அவருடைய வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார். மகளின் ஆபத்தை மறைத்த தாய் என்று வழக்கில் எழுதினார்.

இது மெசேஜ் சார் காதுக்கு வந்தது. அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியின் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

“நீங்க தப்பா எதுவும் ஏத்தலையே” என்றார் மனைவி.

“ஏத்தலை. ஆனா பார்த்தேன். பார்த்துட்டுத்தான் அழிச்சேன்.”

மனைவி கையில் இருந்த சட்டையை மடித்து வைத்தார். “அப்ப அந்தம்மாகிட்ட போய்ச் சொல்லுங்க. என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?” என்றார்.

ஆஸ்பத்திரியில் கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்கிற அறைக்கு வெளியே, பிளாஸ்டிக் நாற்காலியில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். உள்ளே மகள் ஒரு டப்பாவிலிருந்து இன்னொரு டப்பாவுக்குப் பந்துகளை மாற்றிக்கொண்டிருந்தாள். மெசேஜ் சார் நின்றுகொண்டே சொன்னார். கூட்டம், சத்தம், திரை, கம்ப்யூட்டர் கேட்ட கேள்வி, தான் தட்டிய பதில், நர்ஸிடம் சொல்லாமல் போன வார்த்தை, கிழித்த தாள். ஒன்றையும் மழுப்பவில்லை.

அந்த அம்மா கத்தவில்லை. “என் நம்பர் அப்ப உங்களுக்கு ஞாபகம் இருந்துச்சா, சார்?” என்று கேட்டார்.

இருந்தது. எத்தனையோ தடவை அந்த நம்பருக்குச் செய்தி அனுப்பியவர். இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார்.

“இருந்துச்சும்மா.”

“ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?”

உள்ளே ஒரு பந்து கீழே விழுந்து உருண்டது. அம்மா எழுந்து போய் அதை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார். பிறகு, “இதை எழுதித் தருவீங்களா? கோர்ட்டுக்கு வேணும்” என்றார்.

அவர் எழுதிக் கொடுத்தார். கோர்ட்டிலும் போய்ச் சொன்னார். கேட்காததையும் சேர்த்துச் சொன்னார். மகள் அம்மாவோடு இருக்கட்டும், அப்பா வாரம் ஒரு நாள் பார்க்கலாம் என்று தீர்ப்பு வந்தது. வெளியே வரும்போது அந்த அம்மா அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்புவார் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை.

பள்ளி அவரை நீக்கவில்லை. நீங்களாகவே போய்விட்டால் இருவருக்கும் மரியாதை என்று முதல்வர் சொன்னார். அவர் மாத முடிவில் விலகினார். கட்டங்களில் எது மாறினாலும் பெற்றோர் இருவரிடமும் கேட்க வேண்டும், பழைய படிவத்தை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று புது விதி வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டார்.

இப்போது அவர் ஒரு கண் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கிறார். போன மாதம் ஒரு மத்தியானம், கண்ணாடி மாற்ற வந்த ஒருவர் டோக்கனை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றார். அந்த அப்பா. நிறைய நரைத்திருந்தது. பின்னால் யாரும் இல்லை.

“ஒண்ணு கேக்கணும் உங்களை. அன்னிக்கு நான் கத்தாம இருந்திருந்தா, நீங்க எனக்குப் போன் பண்ணிக் கேட்டிருப்பீங்களா?”

ஆமாம் என்று சொன்னால் தன் பாரத்தில் பாதி இறங்கிவிடும், அது முழுக்க இவர் தலையில் ஏறும் என்று மெசேஜ் சாருக்குத் தெரிந்தது. இல்லை என்று சொல்லவும் நா எழவில்லை. தான் எப்படிப்பட்ட ஆள் என்பதை அவர் இந்த இரண்டு வருஷத்தில் நன்றாக யோசித்திருந்தார்.

“தெரியலை சார்” என்றார். “பொண்ணு எப்படி இருக்கா?”

அப்பா டோக்கனை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“இப்ப ஷூ கயித்தை அவளே கட்டறா. இடது கையாலதான். ரொம்ப நேரமாகுது. நாம குனிஞ்சு உதவி பண்ணப் போனா கோபம் வருது.”

உள்ளேயிருந்து அவர் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவர் போனார். மெசேஜ் சார் அடுத்த டோக்கனைக் கிழித்தார்.